பெயரும் சங்கிலியும்

உலகில் தாமே இயங்கும் ஊர்திகள் உண்டு. பிறிதொன்று இழுத்தாலன்றி இயங்காத ஊர்திகளும் உண்டு. முன்னவற்றின் வரலாற்றை நாம் விரும்பிப் படிக்கிறோம். நீராவி எஞ்சினைப் பற்றியும், மோட்டார் காரைப் பற்றியும், ஆகாய விமானத்தைப் பற்றியும் நூல்கள் பல உள்ளன. பின்னவற்றைப் பற்றிச் சொல்வாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. டிராக்டரின் பின்னே நெல் மூட்டையையோ, செங்கல்லையோ, கரும்பையோ சுமந்து செல்லும் இழுவண்டியை நாம் நாள்தோறும் காண்கிறோம். டிரெய்லர் என்று அதனை அழைக்கிறோம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இழுவண்டிக்கு எஞ்சின் இல்லை. ஓட்டுநர் அமர இருக்கை இல்லை. தன் விருப்பப்படி திரும்புவதற்கு வழியும் இல்லை. இழுப்பது எங்கே செல்கிறதோ அங்கே அதுவும் செல்லும். இழுப்பது விட்டுவிட்டால், பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே செல்லும். இத்தகைய வண்டியைக் கண்ட மனித சமுதாயம் காலந்தோறும் இரண்டு கேள்விகளைக் கேட்டு வந்திருக்கிறது. ‘இது யாருடையது?’ என்பது முதற் கேள்வி. ‘இது அறுந்து போனால் என்ன ஆகும்?’ என்பது இரண்டாம் கேள்வி. முதற் கேள்விக்கு விடையாகப் பிறந்தது பெயர்ப் பலகை. இரண்டாவதற்கு விடையாகப் பிறந்தது சங்கிலி. பதிவு என்றும் பாதுகாப்பு என்றும் இக்காலச் சட்டங்கள் வகுத்துரைப்பன இவ்விரண்டின் விரிவேயாகும். இவற்றை மனிதன் எத்துணை விலை கொடுத்துக் கற்றான் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

மாட்டு வண்டிக் காலத்திலிருந்து தொடங்குவோம். பழந்தமிழ் நாட்டில் உப்பு வணிகரை உமணர் என்றனர். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, மேடும் பள்ளமும் கடந்து உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு செல்வது அவர்கள் தொழில். வழியில் அச்சு முறிந்தால் உதவுவதற்கு ஆளில்லை. ஆகவே வண்டியின் அடியில் மற்றோர் அச்சைச் சேமமாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். புறநானூற்றில் ஔவையார், பொகுட்டெழினி என்னும் தலைவனுக்கு அந்தச் சேம அச்சையே உவமையாக்குகிறார். திருவள்ளுவரோ வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று எச்சரிக்கிறார். பாரத்தின் அளவும், பிணைப்பின் உறுதியும், முறிந்தால் காக்கும் மாற்று ஏற்பாடும் அறிஞர் கருத்தில் அன்றே இடம் பெற்றிருந்தன என்பதை இவற்றால் அறிகிறோம்.

ஆயினும் மாட்டு வண்டிக்கு இயற்கையான காவல் ஒன்று இருந்தது. அதனை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். வண்டிக்காரன் அமர்ந்திருப்பது மாட்டின் மேலன்று, வண்டியின் மேல். இழுபடும் பொருளிலேயே அவன் இருந்தான். கடையாணி கழன்றாலும், பாரம் ஒரு பக்கம் சாய்ந்தாலும், அவன் உடம்பே அதனை உணர்ந்துவிடும். மாடும் உயிருள்ள பொருள். பின்னே ஏதோ அறுந்தது என்றால் மிரளும், அல்லது நின்றுவிடும். எஞ்சின் வந்தபோது இந்த முறை தலைகீழாக மாறியது. ஓட்டுநர் இழுக்கும் பொருளுக்குச் சென்றுவிட்டார். அவர் முகம் முன்னே. பாரம் அவர் முதுகுக்குப் பின்னே. எஞ்சினுக்கோ மிரட்சியும் இல்லை, இரக்கமும் இல்லை. பின்னே வந்த வண்டி அறுந்து போனால், அது முன்னிலும் விரைவாக ஓடுமேயன்றி நிற்காது. இழுவண்டியின் இடர்கள் யாவும் இந்த ஒரு மாற்றத்திலிருந்து தோன்றின எனலாம்.

முதலில் பெயரின் கதையைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளில் சரக்கு வண்டிகள் பெருகியிருந்தன. சாலையைப் பாழாக்கிச் செல்லும் வண்டியையும், வழிப்போக்கர் மேல் மோதிவிட்டு ஓடும் வண்டியையும் யாருடையது என்று கண்டுபிடிப்பது எப்படி? 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் இதற்கு எளிய வழி கூறியது. சரக்கு வண்டியின் வலப்புறத்தில், யாவரும் காணத்தக்க இடத்தில், உரிமையாளரின் பெயரும் அவர் வாழும் ஊரும் எழுதப்பட வேண்டும். கறுப்பின் மேல் வெள்ளையாகவோ, வெள்ளையின் மேல் கறுப்பாகவோ, ஓர் அங்குலத்திற்குக் குறையாத உயரமுள்ள எழுத்துகளால் எழுதப்பட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. எழுத்தின் அளவு முதற்கொண்டு சட்டம் சொல்வானேன்? படிக்க முடியாத பெயர் பெயரன்று என்பதனால்தான். இன்றைய எண் பலகையின் முன்னோர் வரிசையில் இந்த மரப்பலகைக்கும் ஓர் இடம் உண்டு.

நீராவி எஞ்சின் சாலைக்கு வந்தபோது இரண்டாம் கேள்வியும் எழுந்தது. 1865ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் சாலை எஞ்சின்களைக் குறித்து ஒரு சட்டம் செய்தது. ஒருவர் சிவப்புக் கொடி ஏந்தி எஞ்சினுக்கு முன்னே நடக்க வேண்டும் என்னும் விதியால் அது புகழ் பெற்றது, நகைப்புக்கும் இடமாயிற்று. ஊர்ப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகருக்குள் 2 மைல் என்று அது வேகத்தையும் கட்டுப்படுத்தியது. ஆனால் அதே சட்டத்தின் மற்றொரு பகுதியைப் பலர் நினைவு கூர்வதில்லை. எஞ்சினை நடத்த மூவர் வேண்டும். அதன் பின்னே இரண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் பிணைக்கப்பட்டிருந்தால், அவ்வண்டிகளைக் கவனிப்பதற்கென்றே மேலும் ஒருவர் வேண்டும் என்று அப்பகுதி கூறிற்று. கொடி பிடித்தவரைப் பார்த்து உலகம் சிரித்தது. பின்னே வந்த வண்டிகளைக் காத்த அந்த நான்காம் மனிதரோ மறக்கப்பட்டார். எஞ்சினில் இருப்பவர் இழுபடும் வண்டியைக் காண இயலாது என்ற உண்மையை முதலில் ஒப்புக்கொண்ட சட்டங்களுள் இதுவும் ஒன்று.

ஒருவரை அமர்த்தினால் மட்டும் போதுமா? போதாது என்பதை அயர்லாந்தில் நடந்த ஒரு கொடிய நிகழ்ச்சி உலகிற்குக் காட்டியது. அது இருப்புப் பாதையில் நடந்தது. எனினும் சாலையில் ஓடும் ஒவ்வோர் இழுவண்டிக்கும் அது பாடமாக அமைந்தது. ஆகையால் அதனைச் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

1889ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள். இன்று வட அயர்லாந்து எனப்படும் பகுதியில் ஆர்மா என்னும் ஊர். அங்குள்ள ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் வாரன்பாயின்ட் என்னும் கடற்கரை ஊருக்கு உல்லாசப் பயணமாகப் புறப்பட்டனர். 900க்கு மேற்பட்ட மக்கள் ஒரே புகைவண்டியில் ஏறினர். 15 பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தன. ஊரைக் கடந்ததும் ஏற்றம். 75 அடி சென்றால் ஓரடி உயரும் அந்த ஏற்றத்தில் எஞ்சினின் வலிமை போதவில்லை. உச்சியை எட்டுவதற்குச் சிறிது தொலைவு இருக்கையில் வண்டி நின்றுவிட்டது.

பொறுப்பில் இருந்தவர்கள் கூடி ஆராய்ந்தனர். வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் மேலே கொண்டு சென்றுவிட்டு, மீண்டும் வந்து பின்பகுதியை இழுத்துச் செல்வது என்று முடிவு செய்தனர். அவ்வண்டியில் எல்லாப் பெட்டிகளையும் ஒருங்கே நிறுத்தும் பிரேக் இருந்தது. ஆனால் அது எஞ்சினோடு இணைந்திருக்கும் வரையில்தான் வேலை செய்யும். பிணைப்பைப் பிரித்த அக்கணமே பின்னிருந்த 10 பெட்டிகளும் அந்தக் காவலை இழந்தன. பிறகு அவற்றைச் சரிவில் தாங்கி நின்றது, கடைசி வண்டியில் இருந்த கைப்பிரேக் ஒன்றுதான். துணைக்குச் சக்கரங்களின் அடியில் கற்களை வைத்தனர்.

முன்பகுதி புறப்படும்போது சற்றே பின்னுக்கு உருண்டு, நின்றிருந்த பெட்டிகளை மெல்லத் தொட்டது. அந்தச் சிறு இடியே போதுமானதாயிற்று. கற்கள் நொறுங்கின. 10 பெட்டிகளும் நகரத் தொடங்கின. ஊழியர்கள் ஓடி ஓடி மேலும் கற்களை எறிந்தனர், பயனில்லை. பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. பிள்ளைகள் நிறைந்த அப்பெட்டிகள் ஏறத்தாழ ஒன்றரை மைல் பின்னோக்கி ஓடி, அதே பாதையில் பின்னே வந்துகொண்டிருந்த மற்றொரு புகைவண்டியோடு மோதின. 80 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர்.

நேயர்களே, இங்கே தவறு எங்கிருந்தது? கற்களை வைத்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். கைப்பிரேக்கைத் திருகியவர் கடமையில் தவறியவர் அல்லர். பிணைப்பு இருக்கும்போது காக்கும் பிரேக், பிணைப்பு போனதும் கைவிட்டுவிட்டது. எந்தக் கணத்தில் காவல் மிகவும் வேண்டியதோ, அந்தக் கணத்தில் அது இல்லாமற் போயிற்று. அமைப்பிலேயே அக்குறை இருந்தது.

இக்குறைக்கு மருந்து முன்னரே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பதுதான் துயரத்திலும் துயரம். அமெரிக்கப் பொறிஞர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872ஆம் ஆண்டிலேயே தானியங்கிக் காற்றுப் பிரேக்கை அமைத்துவிட்டார். அதன் நுட்பம் எளியது. வண்டி முழுவதும் ஒரு குழாய் செல்லும். அதில் அழுத்தப்பட்ட காற்று நிறைந்திருக்கும். அக்காற்றின் அழுத்தம் குறையாதிருக்கும் வரையில் பிரேக்குகள் விலகியிருக்கும். பிணைப்பு அறுந்து குழாயும் பிரிந்தால் காற்று வெளியேறும். உடனே ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்கு தானே சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். அதாவது, நிறுத்துவதற்கு ஆற்றல் தேவையில்லை. நிற்காமல் வைத்திருப்பதற்கே ஆற்றல் தேவை. காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தால் இதே பயனைத் தரும் பிரேக்குகளும் பிரித்தானியாவில் அக்காலத்தில் இருந்தன. செலவு மிகும் என்று பல கம்பெனிகள் தயங்கிக்கொண்டிருந்தன. ஆர்மா நிகழ்ச்சிக்குப் பின் தயக்கத்திற்கு இடமில்லாமற் போயிற்று. அதே 1889ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் செய்து, பயணி வண்டிகள் அனைத்திலும் தானியங்கும் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

அட்லாண்டிக்கிற்கு அப்பால் பிணைப்பே வேறொரு வகையில் உயிர் குடித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கச் சரக்கு வண்டிகள் ஒரு வளையத்தாலும் ஓர் ஆணியாலும் பிணைக்கப்பட்டன. இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று நெருங்கும்போது, ஊழியர் இடையில் நின்று வளையத்தைக் கையால் வழிநடத்தி ஆணியை இறக்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் விரல் போகும். இரண்டு நொடி பிசகினால் உயிர் போகும். பிணைப்பு வேலை செய்தவரை, இழந்த விரல்களைக் கொண்டே அறியலாம் என்னும் நிலை இருந்தது. வர்ஜினியாவைச் சேர்ந்த ஈலை ஜேனி என்பவர் இரு கைகளின் விரல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது போலத் தானே பூட்டிக்கொள்ளும் பிணைப்பை அமைத்து, 1873ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அயோவா மாநிலத்து உழவர் லொரன்சோ காஃபின் என்பவர், ஊழியர் ஒருவர் பிணைப்பு வேலையில் விரல்களை இழந்ததைக் கண்ணெதிரே கண்டார். அன்று முதல் ஊர் ஊராகச் சென்று பேசியும் எழுதியும் போராடினார். 1893ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் கையொப்பமிட்ட சட்டம், தானே பூட்டிக்கொள்ளும் பிணைப்பையும் காற்றுப் பிரேக்கையும் இருப்புப் பாதை வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. கருவி தோன்றியதற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே 20 ஆண்டுகள் கடந்திருந்தன.

அதே 1893ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பெயரின் கதையும் ஓரடி முன்னேறியது. தெருவில் மோட்டார் வண்டிகள் தோன்றத் தொடங்கிய காலம் அது. ஆகஸ்டு மாதத்தில் நகரக் காவல் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு மோட்டார் வண்டியும் உலோகத் தகடு ஒன்றைத் தாங்க வேண்டும். உரிமையாளரின் பெயரும் முகவரியும், அனுமதி எண்ணும் அதில் இருக்க வேண்டும். அது ஒருபோதும் மறைக்கப்படலாகாது என்றது அவ்வாணை. ஆங்கிலேயச் சரக்கு வண்டியின் பெயர்ப் பலகையும் இன்றைய எண் பலகையும் கைகோத்து நின்ற காட்சி எனலாம். நாளடைவில் பெயர் மறைந்தது, எண் நிலைத்தது. விரைந்தோடும் வண்டியில் பெயரையும் முகவரியையும் படிப்பது அரிது. சில எழுத்துகளையும் எண்களையும் நினைவில் கொள்வது எளிது. பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மோட்டார் கார்ச் சட்டம் 1904 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்து, ஒவ்வொரு காருக்கும் பதிவெண்ணைத் தந்தது.

இனி, மோட்டாரோடு இழுவண்டி சேர்ந்த கதை. மோட்டார் இழுத்த வண்டிகள் பல நாடுகளில் தோன்றின. அவற்றுள் புகழ் பெற்றது அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தது. அங்கே ஆகஸ்ட் ஃப்ருஹாஃப் என்னும் கொல்லர் இருந்தார். 1914ஆம் ஆண்டில் மர வணிகர் பிரெடரிக் சிப்லி அவரிடம் வந்தார். கோடையில் தங்குமிடத்திற்குத் தம் படகைக் கொண்டு செல்ல வேண்டும். தம்மிடமுள்ள ஃபோர்டு காரின் பின்னே மாட்டி இழுக்கத்தக்க ஏதேனும் செய்து தருக என்றார். கொல்லர் செய்து தந்தார். அது நன்றாக உழைக்கவே, மரம் ஏற்றவும் அத்தகைய வண்டிகள் வேண்டும் என்று வணிகர் கேட்டார். 1918ஆம் ஆண்டில் ஃப்ருஹாஃபின் பட்டறை, இழுவண்டி செய்யும் கம்பெனியாயிற்று. ஒரு வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடிய பாரத்தைவிடப் பன்மடங்கு பாரத்தைத் தன் பின்னே இழுக்கக்கூடும் என்பதை உலகம் கண்டுகொண்டது. உழவரும், கட்டடத் தொழிலாளரும், சிறு வணிகரும் இதனால் பெற்ற நன்மை சிறிதன்று. இன்னோர் எஞ்சினுக்குப் பணமின்றியே இன்னொரு வண்டி கிடைத்தது.

ஆனால் பழைய கேள்விகள் இரண்டும் உடன் வந்தன. இருப்புப் பாதையில் அறுந்த பெட்டி தண்டவாளத்தின் மேலேயே ஓடும். சாலையில் அறுந்த இழுவண்டிக்கோ பாதையே இல்லை. எதிரே வரும் வண்டியின் மேலும் பாயும். நடைபாதையின் மேலும் ஏறும். ஆகவே பல நாடுகள் கூடி விதிகளை வகுத்தன. 1968ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் வியன்னா நகரத்தில் முடிவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை அவற்றுள் தலையாயது. அதன்படி 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட மொத்த எடைக்கு அமைந்த இழுவண்டி பிற நாட்டுச் சாலையில் செல்லுமாயின், அது தனக்கெனப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிணைப்பு முறிந்தால் இழுவண்டி தானே நிற்கும்படியான பிரேக்கும் வேண்டும். ஆர்மாவின் பாடம் இங்கே சாலைக்கு வந்தது. அத்தகைய பிரேக்கு இல்லாத சிறிய இழுவண்டியாயின், முதற் பிணைப்போடு சங்கிலி அல்லது கம்பி வடம் போன்ற இரண்டாம் பிணைப்பும் இருத்தல் வேண்டும். முதற் பிணைப்பு முறிந்தால், வண்டியின் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அச்சங்கிலி தாங்க வேண்டும். உமணரின் சேம அச்சு இங்கே சங்கிலியாக உருமாறி வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பிரித்தானியாவில் நெடுங்காலம் இழுவண்டிக்குத் தனிப் பதிவெண் இருந்ததில்லை. இழுக்கும் காரின் எண்ணையே அதன் பின்புறத்திலும் மாட்டிச் செல்வர். காலையில் ஒரு காரின் எண். மாலையில் மற்றொன்றின் எண். இரவல் பெயரோடு அது வாழ்ந்தது. 2018ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இழுவண்டிப் பதிவுக்கெனச் சட்டம் செய்தது. 2019 மார்ச் 28 முதல், வெளிநாடு செல்லும் வாணிக இழுவண்டிகளுள் 750 கிலோகிராமுக்கு மேற்பட்டனவும், 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்ட ஏனைய இழுவண்டிகளும் பதிவு பெறுவது கட்டாயமாயிற்று. அச்சட்டத்தில் மற்றொரு பகுதியும் இடம் பெற்றது. இழுவண்டி விபத்துகளை ஆராய்ந்து அரசு அறிக்கை தர வேண்டும் என்றது அப்பகுதி. சில ஆண்டுகளுக்கு முன், காரிலிருந்து பிரிந்து வந்த ஓர் இழுவண்டி நடைபாதையில் ஏறி ஒரு குழந்தையின் உயிரைக் கவர்ந்திருந்தது. அக்குழந்தையின் பெற்றோர் தம் துயரத்தோடு ஒடுங்கிவிடாமல் நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பினர். அதனால், பெயரைக் கேட்ட சட்டத்திலேயே சங்கிலியைக் குறித்த கேள்வியும் இடம் பெற்றது.

நம் நாட்டின் நிலை யாது? இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கென 1914ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், 1939ஆம் ஆண்டில் விரிவான மற்றொரு சட்டமும் செய்யப்பட்டன. அவற்றிற்குப் பின் 1988ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 1989 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. மோட்டார் வாகனம் என்னும் சொல்லுக்குப் பொருள் கூறும் இடத்தில் அது இழுவண்டியையும் சேர்த்தே கூறுகிறது. மோட்டாரே இல்லாத பொருள் மோட்டார் வாகனமாவது எப்படி என்று வியக்கலாம். இழுபடும் பொருள் செய்யும் தீங்கு, இழுக்கும் பொருள் செய்யும் தீங்கினும் குறைந்ததன்று என்னும் உண்மையே அதற்கு விடை.

அச்சட்டத்தின் 61ஆம் பிரிவு இன்னும் சுவையானது. மற்ற வண்டிகளைப் போலவே இழுவண்டியும் பதிவு பெற வேண்டும். அவ்வாறு பெற்ற பதிவெண்ணை, அதனை இழுக்கும் வண்டியின் பக்கவாட்டில் காட்ட வேண்டும். இழுக்கும் வண்டியின் பதிவெண்ணை இழுவண்டியின் மேல் காட்ட வேண்டும்; இழுவண்டிகள் பல இருப்பின், கடைசி வண்டியில் காட்ட வேண்டும். இழுப்பது இழுபடுவதன் பெயரைத் தாங்குகிறது. இழுபடுவது இழுப்பதன் பெயரைத் தாங்குகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பிணை நிற்கின்றன. ‘அது என் வண்டியன்று’ என்று எதுவும் கை கழுவ இயலாது. சட்டப் புத்தகத்தின் வறண்ட சொற்களுக்கிடையே இத்துணை அழகிய அறம் மறைந்திருப்பதைக் காணும்போது உள்ளம் மகிழ்கிறது.

ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? அறுவடைக் காலத்து இரவுகளில் நம் ஊர்ச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். பாரம் ஏற்றிய இழுவண்டிகளுள் சில, பின்னே விளக்கின்றிச் செல்கின்றன. சில பழுதாகிச் சாலை ஓரத்தில் நிற்கின்றன. ஒளி பட்டால் மின்னும் சிவப்பு வில்லைகள் இரண்டு பின்புறத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அவை உடைந்திருக்கும், அல்லது வைக்கோலால் மறைந்திருக்கும். பிணைக்கும் ஆணி தொலைந்திருந்தால், கையில் அகப்பட்ட இரும்புத் துண்டைச் செருகி வைப்போரும் உண்டு. சங்கிலி என்பதே இராது. மூட்டைகளின் மேல் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்து திருவிழாவிற்கும் திருமணத்திற்கும் செல்வர். அவர்களுள் எவரும் தீயவர் அல்லர். ஆர்மாவில் கல் வைத்தவர்களும் தீயவர் அல்லர்.

செய்யவேண்டுவன கடினமானவையும் அல்ல. பிணைக்கும் ஆணி அதற்கென்றே செய்ததாக இருத்தல் வேண்டும். அது மேலெழும்பாதபடி பூட்டூசி இட வேண்டும். சங்கிலிகள் இரண்டாயின், ஏர்க்காலின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே செல்லும்படி மாட்ட வேண்டும். பிணைப்பு முறிந்தால் ஏர்க்கால் அச்சங்கிலிகளின் மேல் தொட்டிலில் விழுவது போல விழும். ஒற்றை அச்சு வண்டியில் பாரத்தை அச்சுக்குச் சற்று முன்புறமாக மிகுதியாக ஏற்ற வேண்டும். பின்புறம் மிகுந்தால் வண்டி வால் போல ஆடி இழுப்பதையும் கவிழ்க்கும். பாரத்தைக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். பிரித்து நிறுத்தினால் சக்கரத்திற்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்க வேண்டும். வழியில் கிடந்த கல்லை நம்பலாகாது. களத்தில் தனித்து நிற்கும் இழுவண்டிக்குச் சாவி இல்லை. எவர் வேண்டுமானாலும் மாட்டி இழுத்துச் செல்லலாம். ஆகவே பிணைப்புக் கொக்கிக்குப் பூட்டும், சட்டத்தின் இரும்பில் பொறித்த எண்ணும், பதிவுப் புத்தகமும் அதற்குக் காவல். களவு போன பொருளை மீட்பதற்கும், விபத்தில் அடிபட்ட ஏழை தனக்குரிய இழப்பீட்டைக் கேட்பதற்கும் அந்த எண்ணே முதற் சான்று. பெயரில்லா வண்டியால் கால் இழந்தவர் யாரிடம் சென்று முறையிடுவார்?

மாணவர்களே, வரலாறு என்றால் அரசர்களின் போர்களும் முடிசூட்டு விழாக்களும் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். ஓர் எண் பலகையிலும் வரலாறு இருக்கிறது; ஒரு முழச் சங்கிலியிலும் வரலாறு இருக்கிறது. அந்தச் சங்கிலியின் கண்ணிகளில் ஆர்மாவின் பிள்ளைகள் இருக்கின்றனர்; விரல் இழந்த அமெரிக்கத் தொழிலாளர் இருக்கின்றனர்; நடைபாதையில் உயிர் நீத்த குழந்தை இருக்கிறது. அவர்கள் கொடுத்த விலையில் வாங்கிய அறிவு அது. உங்களுள் பலர் உழவர் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அடுத்த முறை உங்கள் வீட்டு டிராக்டர் புறப்படும்போது, அதன் பின்னே ஒரு முறை நடந்து சென்று பாருங்கள். எண் தெளிவாகத் தெரிகிறதா? சங்கிலி மாட்டியிருக்கிறதா? மாட்டியிராவிட்டால், பெரியவர்களிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். 1865ஆம் ஆண்டின் சட்டம் தேடிய அந்த நான்காம் மனிதர் அன்று நீங்களாகவே இருப்பீர்கள்.